நிறுக்கும் நாளில் தாய்க்கு முழுப்பேர் போடுங்கள்

எங்கள் பிள்ளைகளின் நிறையை எழுதும் சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கும், எங்கள் தேயிலைக் கொழுந்தின் நிறையை எழுதும் தோட்டத் துரைமாருக்கும்,

வணக்கம். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு, முழுப்பேர் என்றால் முழு நாட்சம்பளம்; தெரியாத அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன்.

நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், 22 வருடம் ஆயம்மாவாக இருந்து ஓய்வுபெற்றவள். தோட்டத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் யார் இந்தக் கடிதத்தைப் போட்டது என்று விசாரிப்பீர்கள், பிள்ளையை விசாரிக்க மாட்டீர்கள்.

மலையகத்துப் பிள்ளைகள் மெலிந்தும் வளர்த்தி குறைந்தும் இருப்பதை உங்களுக்குச் சொல்லித்தர நான் வரவில்லை. கணக்கே உங்களுடையதுதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். என் காம்பராவில் ஒரு காலத்தில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். உங்கள் கணக்குப்படி அதில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரின் பெயரும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்திக்கு ஒன்றரை வயது. மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். மருமகள் கொழுந்தெடுக்கிறாள். அதற்கு முந்திய மாதம் நிறுக்கும் நாளில் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நிறுத்து, பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி வைத்துவிட்டு, “அடுத்த முறை தாயை வரச்சொல்லுங்கள், தாயிடம்தான் விளக்கிச் சொல்லவேண்டும்” என்றார்கள். நியாயமான பேச்சு. போன மாதம் மருமகள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் போய்க் கேட்டாள். “தாராளமாகப் போ, பேர் மட்டும் இல்லை” என்று பதில் வந்தது.

டிஸ்பென்சரி எங்கள் மேல் டிவிஷனிலிருந்து நான்கு கிலோமீற்றர் கீழே. பத்து மணி என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகளை நிறுக்கும் மருத்துவிச்சி மிஸ்ஸி வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை தோட்டங்களை ஒருத்தியின் தலையில் கட்டினால் அவள் பறந்தா வருவாள்? பஸ்ஸை விட்டு இறங்கி, குடையும் பையுமாக ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்தாள். வரிசையில் நாற்பது தாய்மார். எங்கள் முறை வந்தது இரண்டு மணிக்கு. தராசில் தொங்கவிட்டதும் பேத்தி வீறிட்டாள். 7 கிலோ 800 கிராம். போன தடவையும் அதே 7 கிலோ 800. அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நடுவளவு 10 கிலோ 200. புள்ளி பச்சையை விட்டு எப்போதோ இறங்கித் தோடம்பழ நிறத்தில் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் தோடம்பழத்தை அதிகம் பார்ப்பது அந்தக் கொப்பியில்தான்.

மிஸ்ஸிக்குத் தமிழ் கொஞ்சம் வரும். மீதிக்குக் கையைக் காட்டினாள். பித்தர (முட்டை), மாளு (மீன்), பருப்பு, கீரை, பழம். தேத்தண்ணி மட்டும் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள். எல்லாம் சரி. எங்களுக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். பாஷை தெரியாததால் முட்டை எங்கள் அடுப்புக்கு வராமல் போகவில்லை. திரிபோஷா சத்துமா கேட்டதற்கு, இந்த முறை வரவில்லை என்றாள். மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு, ஒரு நாளுக்கு 50 கிராம் என்பது உங்கள் அளவு. வந்தாலும் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று கையும் அதற்குள்தான் போகும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பசிக்கிற அண்ணனுக்கு முன்னால் தங்கைக்கு மட்டும் மாவைக் குழைத்து ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மருமகளுக்கு ஒரு நாள் பேர் போனது.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கினால் பேத்திக்கு நாளைக்கு ஒன்றாக ஏறத்தாழ ஒரு மாதம் கொடுக்கலாம். முட்டை கொடு என்ற புத்திமதியைக் கேட்டு வருவதற்கே ஒரு மாத முட்டை போய்விட்டது, ஐயா. இந்த மாதம் அவள் கிளினிக்குக்குப் போகாவிட்டால் “பொறுப்பில்லாத தாய்” என்று கொப்பியின் ஓரத்தில் எழுதுவீர்கள். போனால் பெரட்டுப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே வெறுமையாக இருக்கும். இரண்டு புத்தகத்திலும் ஒரே நாளில் நல்ல பெயர் வாங்க அவளுக்கு வழி தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: பிள்ளை நிறுக்கும் நாளில் தாய்க்கு முழுப்பேர் போடுங்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். வாக்குப்போடப் போகிறவருக்குச் சம்பளம் குறைக்காமல் லீவு கொடுக்கவேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு நாளுக்கு இரண்டு தரம் பால்கொடுக்க நேரம் ஒதுக்கவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. புள்ளடி போடக் கொடுக்கிற நேரத்தைப் புள்ளி வைக்கவும் கொடுத்தால் என்ன? மாதத்தில் ஒரு நாள், அதுவும் சின்னப் பிள்ளை இருக்கிறவளுக்கு மட்டும்.

கொழுந்தைப் பாருங்கள். கொழுந்துக்கு மரியாதை தெரிந்தவர்கள் நீங்கள். தராசு மலைக்கே வருகிறது. நாளுக்கு மூன்று தரம் வருகிறது. கொழுந்தைத் தூக்கிக்கொண்டு நான்கு கிலோமீற்றர் நடந்து வா, இரண்டரை மணிநேரம் காத்திரு என்று எவரும் சொன்னதில்லை. சாக்குக்கு இவ்வளவு, மழைத் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்து, கிராம் பிசகாமல் எழுதுகிறீர்கள். ஒரு கிலோ குறைந்தால் அன்றைக்கே “ஏன்” என்று கேட்கிறீர்கள். பேத்தியின் நிறையில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைகிறது. யார் வந்து கேட்டார்கள்?

என் காம்பராவில் இருந்த பழைய தராசையும் சொல்லவேண்டும். அதன் முள் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்காது. பிள்ளையைத் தொங்கவிடாமலே ஒரு கிலோ காட்டும். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு நானே ஒன்றைக் கழித்து எழுதினேன். அதற்கு முன்பிருந்த மாதங்களில் எங்கள் தோட்டத்தில் போஷாக்கின்மை வெகுவாகக் குறைந்துவிட்டதாக எங்காவது ஓர் அறிக்கை இருக்கக்கூடும். இருந்தால் அதற்கு அந்த முள்தான் காரணம்.

தேத்தண்ணி விஷயத்தில் மிஸ்ஸி சொன்னது மெய். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதை நானே காம்பராவில் எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் விடியற்காலையில் கோதுமை மா ரொட்டியைத் தொட்டுக்கொள்ள வேறென்ன இருக்கிறது? 2022 செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியது என்றார்கள். அன்று பால்மாவை விட்ட வீடுகளில் பல இன்னும் அதன் பக்கம் திரும்பவில்லை. பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர். ஒரு வயிற்றோட்டம் வந்தால் மாதம் முழுவதும் ஏறிய நிறை நான்கு நாளில் இறங்கிவிடும். பிறகு தாய். 84 நாள் பிரசவ லீவு முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு ஏறுகிறாள். டிஸ்பென்சரிச் சுவரில் “ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்” என்று வழுவழுப்பான தாளில் படம் சிரிக்கிறது. அந்தப் படத்திலிருக்கும் தாய் எந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் நாங்களும் அங்கே பேர் பதியலாம்.

2023இல் நாங்கள் இந்த மலைக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனங்கள் நடந்தார்கள். மேடைகளில் பெரிய பெரிய பேச்செல்லாம் கேட்டோம். இங்கே ஒரு போஷாக்குக் கூட்டமும் நடந்தது. பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கேரட், கத்தரிக்காய் வேஷம் போட்டு ஆடவிட்டார்கள். வந்தவர்களுக்கு மாலை, கேக், வாழைப்பழம். ஆடி முடித்த கத்தரிக்காய்க்கு ஒரு பிஸ்கட்டும் பிளேன்டீயும். நான் பிறகு அந்தக் கத்தரிக்காயைக் கூப்பிட்டு மேடையில் மிஞ்சியிருந்த வாழைப்பழத்தில் ஒன்றைக் கொடுத்தேன், அதற்கு எனக்குப் பேச்சும் விழுந்தது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். கோபத்தில் எழுதினால் கடிதம் நீண்டுவிடுகிறது. நான் கேட்டது சின்ன விஷயம். சம்பளத்தைக் கூட்டச்சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, அதற்குத் தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. வீடும் காணியும் கேட்கவில்லை. நிறுக்கும் நாளில் தாய்க்கு முழுப்பேர். அது கம்பனிக் கணக்குக்கு ஒத்துவராது என்றால் இன்னொரு வழியும் உண்டு: பிள்ளைத் தராசைப் பிள்ளைக் காம்பராவுக்கே கொண்டுவாருங்கள், தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போக வரும் காலை நேரத்திலோ கடைசி நிறுவை முடிந்து கூட்டிப்போக வரும் மாலையிலோ நிறுங்கள். மிஸ்ஸி அந்த நேரத்துக்கு வந்து திரும்ப ஒரு வாகனம் கொடுங்கள். கொழுந்து லொறிக்கு ஓடுகிற பாதையில் அவளுக்கும் ஒரு வண்டி ஓடும்.

எங்கள் தோட்டத்தில் அடுத்த நிறுவை இந்த மாதம் இரண்டாம் புதன்கிழமை. அதற்கு முன்பு ஏதாவது ஒரு முடிவைப் பெரட்டில் வாசிக்கச் சொன்னால் உதவியாக இருக்கும். மருமகள் அன்றைக்குக் கூடையை எடுப்பதா கொப்பியை எடுப்பதா என்று இப்போதே என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள். தயவுசெய்து அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைக் காம்பராவின் பழைய ஆயம்மா