ஸ்டிக்கர் புதுசு, உள்ளே இருப்பது பழைய 16 பிட் செட்டப்: இசைப்பாட சிடி குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: ‘விண்டோஸ் 11-லும் இயங்கும்’ என்று சொல்லி விற்ற இசைப்பாட சிடி இன்ஸ்டாலே ஆகாதது, சேவைப் பிரிவினர் இரண்டு மாதமாக அலைக்கழித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் மறுவெளியீடு செய்திருக்கும் இசைப்பாட சிடி பற்றி இதுவரை ஏழு முறை போனிலும் நான்கு முறை மின்னஞ்சலிலும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். இனி போனில் பேசுவதில் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். இதை அந்த மென்பொருளை எழுதிய பிரிவில் ஒருவரிடமாவது தயவுசெய்து காட்டுங்கள். அவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

பெட்டியின் மேல் ‘விண்டோஸ் 10, 11-லும் இயங்கும்’ என்று புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே உள்ள சிடியில் எல்லா ஃபைல்களின் தேதியும் 1998. செட்டப்பை அழுத்தினால் வரும் செய்தி: இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது, ஏற்ற பதிப்புக்கு மென்பொருள் வெளியீட்டாளரை அணுகவும். வெளியீட்டாளர் நீங்கள்தான். அதனால்தான் உங்களை அணுகினேன்.

முதல் போனில் ‘கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 98 என்று வைத்து ஓட்டுங்கள்’ என்றார்கள், அதாவது பழைய விண்டோஸ் போல நடிக்கும் வசதியில். இரண்டாவது போனிலும் அதே பதில், மூன்றாவதிலும் அதே. அது ஏன் நடக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் செட்டப் ஃபைலை, ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதலில் எம், இசட் என்ற இரண்டு எழுத்து. அதன் பிறகு வரும் தலைப்பில் பி, ஈ இருந்தால் 32 பிட் வகை, என், ஈ இருந்தால் அதற்கும் பழைய 16 பிட் வகை. உங்கள் செட்டப்பில் இருப்பது என், ஈ. 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் கிடையாது. இல்லாத பகுதியை கம்பாட்டிபிலிட்டி மோடு எங்கிருந்து கொண்டுவரும்? இன்ஸ்டால்ஷீல்டு என்ற கருவியில் கட்டிய சில பழைய செட்டப்களை மட்டும் 64 பிட் விண்டோஸே அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாக 32 பிட் எஞ்சினைப் போட்டு ஓட்டிக்கொள்ளும். உங்கள் செட்டப் அந்த வகையிலும் சேரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பாடம் நடத்தும் மெயின் புரோகிராம் முழுக்க 32 பிட். அதைத் திறந்து பார்த்தால் பி, ஈ இருக்கிறது. பாழாய்ப்போன செட்டப் மட்டும்தான் 16 பிட். செட்டப்பை மட்டும் 32 பிட்டில் புதிதாகக் கட்டிக் கொடுத்தால் போதும். உங்கள் ஆட்களுக்கு அது ஒரு நாள் வேலைகூட ஆகாது. அந்த ஒரு நாளை நீங்கள் செலவிடாததால் எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

நானே செய்துகொண்ட மாற்றுவழியையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சேவைப் பிரிவுக்காவது உதவும். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒரு பழைய மெஷினில் இன்ஸ்டால் செய்து, அந்த ஃபோல்டரை அப்படியே புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தேன். முதலில் ஓடவில்லை. புரோகிராம்களின் அமைப்புகளை விண்டோஸ் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து எக்ஸ்பியில் எடுத்த பதிவை நேராக இம்போர்ட் செய்தால் அது 64 பிட் பகுதியில் போய் உட்காருகிறது. 32 பிட் புரோகிராமோ, வாவ்6432நோட் என்ற கிளைக்குள் தேடுகிறது. சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும் 32 பிட் ரெஜெடிட்டை (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் புரோகிராம்) திறந்து இம்போர்ட் செய்த பிறகுதான் முகப்புத் திரை வந்தது.

பாடம் திறந்தது. இசைக்குறிகள் எழுதும் ஸ்டாஃப் கோடுகள் ஐந்தும் சரியாக இருந்தன. வரியின் தொடக்கத்தில் ட்ரெபிள் கிளெஃப் குறி இருக்க வேண்டிய இடத்தில் & என்ற குறி, குவார்ட்டர் நோட் இருக்க வேண்டிய இடங்களில் சின்ன க்யூ எழுத்து, ஹாஃப் நோட்டுக்கு ஹெச். முதல் பாடம் முழுக்க க்யூ, க்யூ, ஹெச் என்று கோட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் நோட்டேஷன் ஃபான்ட்டைச் செட்டப்தான் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுகிறது. செட்டப் ஓடவில்லை என்றால் ஃபான்ட்டும் இல்லை. பழைய மெஷினிலிருந்து அந்த ஒரு ஃபைலை எடுத்துவந்து இன்ஸ்டால் செய்த உடனே நோட்ஸ் எல்லாம் நோட்ஸ் ஆயின. இதைக் கேட்டபோது உங்கள் பிரிவிலிருந்து வந்த மின்னஞ்சல், ‘மென்பொருளோடு வரும் ஹெல்ப் ஃபைலைப் பார்க்கவும்’ என்றது. அந்த ஹெல்ப் ஃபைல் பழைய ஹெச்எல்பி வகை. அதைத் திறக்கும் புரோகிராமை விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தருவதில்லை, விண்டோஸ் 10-க்குத் தனியாகவும் கொடுக்கவில்லை. திறக்கவே முடியாத கையேட்டைப் படிக்கச் சொல்வது பதிலா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

வெளியே இருந்து யுஎஸ்பி சிடி டிரைவ் மாட்டி, மூன்று வாரம் வகுப்பு ஓடியது. 23 மாணவர்கள். காதுப் பயிற்சியில் யார் எந்தச் சுர இடைவெளியைத் தப்பாகச் சொல்கிறார்கள், தாளப் பயிற்சியில் யார் முந்துகிறார்கள் என்று எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் புரோகிராம் நின்றுவிட, உங்கள் சேவைப் பிரிவை அழைத்தேன். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறங்க’ என்றார் பேசியவர். கொடுத்தேன். மாணவர் பட்டியல் காலி. ஒரு பெயர்கூட இல்லை. பதறிப்போய் அவரிடமே சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ‘சார், நீங்கதான் டெலிட் பண்ணிருப்பீங்க. பண்ணிட்டு எங்களக் கேட்டா நாங்க என்ன பண்றது? பழைய சரக்க வச்சுக்கிட்டு ஏன் சார் எங்க உயிர வாங்குறீங்க.’ சொல்லிவிட்டுப் போனையும் வைத்துவிட்டார்.

நான் எதையும் டெலிட் செய்யவில்லை. உங்கள் மென்பொருள் மாணவர் பதிவுகளைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்கு உள்ளேயே எழுதுகிறது. விஸ்டாவிலிருந்து சாதாரண அனுமதியில் ஓடும் புரோகிராம் அங்கே எழுத முடியாது. பழைய புரோகிராம் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் ஆப்டேட்டாவில், லோக்கலுக்குள், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. மூன்று வாரமும் எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அந்தத் திருப்பம் இல்லை. புரோகிராம் தன் உண்மையான ஃபோல்டரைப் பார்க்கும், அது காலியாக இருக்கும். உங்கள் ஆள் சொன்னதைச் செய்ததால்தான் பட்டியல் மறைந்தது. பழி என் மேல்.

அந்த ஃபோல்டரை நானே தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் புதிய பட்டியலில் மாணவர்கள் மறுபடி பெயர் பதிந்து பயிற்சி செய்துவிட்டார்கள். இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்க்க உங்கள் மென்பொருளில் வழியில்லை. அந்த மூன்று வார உழைப்பு மண்ணாகப் போயிற்று. பதினைந்து வருடமாக நான் கட்டிவந்த வகுப்பின் பெயரே கெட்டுப்போயிற்று என்றுதான் சொல்வேன். பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது? அந்த அழைப்பின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும். அதை நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

சிடி பற்றி. அடிக்கடி போட்டு எடுத்ததில் அதில் கீறல் விழுந்து, ஆசிரியர் குரல் திக்கத் தொடங்கியது. மாற்று சிடி கேட்டேன். சிடியின் நகல் என்று ஒரு ஐஎஸ்ஓ ஃபைலுக்கு லிங்க் அனுப்பினீர்கள். அதை சிடி போலக் கணினியில் மவுன்ட் செய்தால் படம் வருகிறது, நோட்ஸ் வருகிறது, குரல் இல்லை. வரவே வராது. உங்கள் சிடி கலவை வகை: முதல் டிராக் டேட்டா, மீதி எல்லாம் சாதாரண ஆடியோ டிராக்குகள். ஆசிரியர் பேசுவதும் வாசித்துக் காட்டுவதும் அந்த ஆடியோ டிராக்குகளில்தான் இருக்கின்றன, ஐஎஸ்ஓவில் டேட்டா டிராக் மட்டுமே அடங்கும். நீங்கள் அனுப்பியது 118 எம்பி, சிடியோ 600 எம்பிக்கு மேல். ஒரு நிமிட ஆடியோவுக்கு ஏறக்குறைய 10 எம்பி என்று வைத்தால், முக்கால் மணி நேரத்துக்கும் மேலான பாடம் அதில் விடுபட்டிருக்கிறது. பின்-க்யூ (BIN/CUE) என்ற ஃபைல் வகையில் நகல் எடுத்தால்தான் முழு சிடியும் வரும். அதையும் விண்டோஸ் தானாக மவுன்ட் செய்யாது, தனி மென்பொருள் வேண்டும். இதை உங்கள் ஆட்களுக்கு நான் மின்னஞ்சலில் விளக்கினேன். பதிலாக அதே ஐஎஸ்ஓ லிங்க் மறுபடியும் வந்தது.

அதன் பிறகுதான் ‘சேவை மையத்துக்கு நேரில் கொண்டுவாருங்கள்’ என்றீர்கள். கம்ப்யூட்டர், சிடி, பெட்டி, பில் எல்லாம் வேண்டும் என்றீர்கள். சிபியுவைச் சாக்கில் சுற்றி, கணினியோடு இணைக்கும் மிடி இசை கீபோர்டையும் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தேன். வகுப்பு அன்று விடுமுறை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு தம்பி வந்து சிடியை வாங்கி, தன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் சிடி டிரைவ் இல்லை. அந்த மையத்திலேயே ஒரு சிடி டிரைவ் இல்லை. ‘உங்ககிட்ட டிரைவ் இருக்கா சார்?’ என்று என்னையே கேட்டார். தம்பியைக் குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். சிடியில் விற்கும் நிறுவனம் சேவை மையத்தில் ஒரு சிடி டிரைவ் வைக்கவில்லை என்றால் அது தலைமையின் பொறுப்பு.

மிடி பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் மென்பொருளில் ஒலிக் கருவியைத் தேர்வு செய்யும் மெனு கிடையாது, எல்லாவற்றையும், எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் விண்டோஸின் மிடி மேப்பரிடம் விட்டுவிடுகிறது. எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலில் மாற்றிக்கொள்ளலாம். விஸ்டாவிலிருந்து அந்த இடமே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் எல்லாச் சத்தமும் மைக்ரோசாஃப்ட்டின் உள்ளமைந்த சிந்தசைசருக்கே போகிறது, கட்டையை அழுத்திச் சற்று கழித்துத்தான் கேட்கிறது. வேகம் 120 என்றால் ஒரு குவார்ட்டர் நோட் 500 மில்லிசெகண்ட், பதினாறில் ஒரு பங்கு நோட் 125 மில்லிசெகண்ட்தான். சத்தம் அதில் பாதி தாமதித்தாலே, காதை நம்பி வாசிக்கும் மாணவனுக்குத் தாளம் தவறு என்று மதிப்பெண் விழுகிறது. சரியாக வாசிக்கிற பிள்ளை தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். நான் வேறொருவர் எழுதிய இலவச மிடி மேப்பரைப் போட்டுச் சமாளிக்கிறேன். கருவி தேர்வுக்கு ஒரு மெனு சேர்ப்பது உங்கள் வேலை.

‘விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பி போட்டுக்கொள்ளுங்கள்’, அதாவது கணினிக்குள் மென்பொருளாலான இன்னொரு கணினியில் போடுங்கள், என்ற ஆலோசனையும் பார்த்தாயிற்று. பாட்டுப் பயிற்சியில் மைக் முன்னால் 440 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டினால் திரையில் 404 காட்டுகிறது. வெளியே கம்ப்யூட்டர் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து சாம்பிள் எடுக்கிறது, உள்ளே உங்கள் மென்பொருள் அதை 44,100 என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கிவிடுகிறது. சுருதி சுத்தமாகப் பாடுகிறவரும் தப்பு என்று வாங்கிக்கொள்வார். மைக்கை 44,100-க்கு மாற்றி, நாய்ஸ் சப்ரஷனையும் அணைத்தால்தான் சரியாகிறது. அதை அணைக்காவிட்டால் நீண்ட ‘ஆ’காரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து நடுவில் வெட்டிவிடுகிறது. இதில் ஒரு வரிகூட உங்கள் கையேட்டில் இல்லை. பெட்டியில் ‘மேக்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதி பழைய மேக்குகளில் இருந்த பவர்பிசி சிப்புக்கு எழுதியது. அப்படிப்பட்ட புரோகிராம்களை ஆப்பிள் 2011-இல் மேக்கின் லயன் பதிப்போடு நிறுத்திவிட்டது. அந்த வரியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், வேறு யாராவது நம்பி வாங்கிவிடப் போகிறார்கள்.

‘புதிய ஆன்லைன் பதிப்புக்கு மாறுங்கள்’ என்கிறீர்கள். அதில் பழைய மாணவர் பதிவுகளைச் சேர்க்க வழியில்லை என்று உங்கள் விற்பனைப் பிரிவே எழுத்தில் தந்திருக்கிறது. பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். காதுப் பயிற்சியின் படிநிலைகளை இவ்வளவு பொறுமையாக அமைத்த வேறொன்றை நான் பார்க்கவில்லை. அதனால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இவ்வளவு பாடுபட்டேன். அதை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நான் கேட்பது இவைதான். 32 பிட் செட்டப்பைக் கொடுங்கள், அதில் ஃபான்ட்டும் ரெஜிஸ்ட்ரியும் சரியான இடத்தில் போகட்டும். மாணவர் பதிவுகள் புரோகிராம் ஃபைல்ஸில் எழுதப்படாமல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகட்டும். பிரிந்து கிடக்கும் என் இரண்டு பதிவுகளையும் சேர்த்துத் தாருங்கள், ஃபைலின் அமைப்பு உங்களுக்குத்தான் தெரியும். கீறல் விழுந்த சிடிக்குப் பதிலாக ஆடியோ டிராக்குகளோடு கூடிய முழு சிடி வேண்டும். ‘நீங்கதான் டெலிட் பண்ணிருப்பீங்க’ என்றவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

15 நாளுக்குள் பொறுப்பான ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால், ஸ்டிக்கரின் படத்தையும் பில்லையும் மின்னஞ்சல்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். இயங்காததை இயங்கும் என்று அச்சடித்து விற்றதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. உங்கள் பதிலைத்தான் எதிர்பார்க்கிறேன்.

பில் நகல், ஸ்டிக்கரின் படம், செட்டப் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்த திரையின் படம், இரண்டு மாணவர் பதிவு ஃபைல்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பதிவு ஃபைல்களைத் திறப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வேறு பிரதி ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
இசைப் பயிற்சி வகுப்பு ஆசிரியர்