நீ விருந்தாளி இல்லை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். பெரியம்மா மகன் கல்யாணத்துக்கு நீங்கள் மூவரும் பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு வருவது உறுதியானதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அலுவலகத்தில் "கசின் கல்யாணம்" என்று சொல்லி இரண்டே நாள் விடுப்பு வாங்கினாயாமே? "அண்ணன் கல்யாணம்" என்று கேட்டிருந்தால் ஒரு வாரம் கிடைத்திருக்கும். அது பொய்யும் இல்லை.

என் அக்கா பிள்ளை எனக்குப் பிள்ளை, உனக்கு அண்ணன். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் அப்படித்தான். அக்காள் தங்கை பிள்ளைகளும் அண்ணன் தம்பி பிள்ளைகளும் தங்களுக்குள் உடன்பிறப்புகள். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் என்றால் முறை மாறிவிடும். மாமா மகன் உனக்கு அத்தான், கட்டிக்கொள்ளும் முறை. ஜூரோங் மாமா மகனைப் போன தீபாவளிக்கு நீ "அண்ணா" என்று கூப்பிட்டதும் கிழவிகள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்களே, அதற்கு இதுதான் காரணம். மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1871-இல் வெளியிட்ட நூலில், நம் முறையும் வட அமெரிக்காவின் இரோக்குவா பழங்குடியினரின் முறையும் ஒத்திருப்பதைக் காட்டி, அவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்றே வாதாடினார். (வாத்தியார் வேலையை விட்டும் புத்தி விடவில்லை, பார்.)

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எளிது. ஹொக்கியன் சீனர் வீட்டுப் பிள்ளை; அம்மாவின் தம்பியை ஆ கூ என்றும் அப்பாவின் தம்பியை ஆ செக் என்றும் பிரித்துக் கூப்பிட்டு வளர்ந்தவர். நீதான் காப்பிக் கடைக்காரரையும் அங்கிள் என்கிறாய், டாக்சி ஓட்டுபவரையும் அங்கிள் என்கிறாய், அப்பாவின் சகலையான உன் பெரியப்பாவையும் அங்கிள் என்கிறாய். மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. அவர்கள் வழக்கில் அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒரு வகை, அம்மா வழிப் பிள்ளைகள் வேறு வகை. நம்மிடம் பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர் இடம்தான். ஆகவே கல்யாணப் பையன் அவருக்கு மச்சான்; பாப்பாவுக்குத் தாய்மாமன். உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால், பாப்பாவுக்குக் காது குத்த உட்காரவைக்கும் மடியும் அவனுடையதுதான். சொன்ன மறுநாளே தோடு பார்க்கச் சிராங்கூன் சாலைக்குக் கிளம்பிவிட்டான்.

இனி உன் வேலை. அவனுக்கும் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அவன் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். பெருமாள் கோயிலில் நீ பெண்ணுக்குப் பின்னால் நிற்பாய். கெட்டிமேளம் முழங்கும், அட்சதை உன் தலையிலும் விழும், படம் எடுப்பவர் குறுக்கே வந்து நிற்பார், எதையும் பார்க்காதே. முதலில் சடையையும் பூவையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள். மாலை நாரையும் சேர்த்து முடிந்துவிடாதே. என் கல்யாணத்தில் உன் அத்தை அப்படித்தான் செய்தாள், கத்தரிக்கோல் தேடி மண்டபமே ஓடியது. புது மஞ்சள் கயிறு வழுக்கும். நீள நகம் வைத்திருந்தால் வெட்டிக்கொண்டு வா. பெண் உனக்கு அண்ணி. வயதில் உன்னைவிட இளையவள்தான், அதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே.

நாத்தனாருக்கு எடுத்துத் தரும் பட்டுச் சேலையைப் பெரியம்மா வாங்கிவிட்டாள், மயில் கழுத்து நிறம். தேக்கா தையல்காரர் தீபாவளித் துணிகளை வைத்துக்கொண்டு முறைக்கிறார். ரவிக்கை அளவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. பழைய அளவையே எழுதாமல், டேப் வைத்து அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா