போன்ல வரைஞ்சாலும் எருமையப் பாத்துத்தான் வரையணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல வந்த வாசகர் கடிதம் ஒண்டப் பாத்துட்டுத்தான் இத எழுதுறன். போன்லயும் டெப்லயும் படம் போடுறது கலையே இல்ல, பட்டன அமத்தினா அதுவே நெழல் போட்டுக் குடுக்குது, அதனால சிறுவர் பக்கத்துக்கு அப்பிடியான படங்கள எடுக்கப்படாது எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். அவர்ட பயம் எனக்கும் வெளங்குது, இப்ப ரெண்டு வரி டைப் பண்ணினா ஏஐ முழுப்படத்தையும் தந்துடும்தானே. ஆனா அதையும், நாங்க மாசக்கணக்காப் பழகி விரலால போடுறதையும் ஒண்டாச் சேத்துப் பேசினது எனக்குச் சரியான கவலையாப் போச்சு.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வீட்டோட இருந்து சட்டை தைச்சுக் குடுக்கிற ஆள். ரெண்டு வருசமா ராவையில மெசின மூடி வெச்சிட்டு போன்ல மிருகங்கள் வரையிறன். ஐபிஸ் பெயின்ட் எண்ட ஆப், காசு இல்ல, இடைக்கிட விளம்பரம் வரும் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருக்கிற ஆக்களுக்கு கிரிட்டா இருக்கு, அதும் இலவசம்.

முதல்ல வரைஞ்சது மாமாட பட்டியில நிக்கிற எருமை ஒண்ட. எருமை கறுப்புத்தானே எண்டு முழுக்கக் கறுப்பால நிரப்பி, ஓரத்தச் சுத்திவர இன்னும் கறுப்பா இழுத்து, நடுவில கொஞ்சம் வெளிறவும் விட்டன். உடம்பு உப்பின தலகணி மாதிரி வந்துது. இதுக்கு பில்லோ ஷேடிங் எண்டே ஒரு பேர் இருக்கெண்டு பிறகுதான் தெரிஞ்சுது, வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது எண்டு யோசிக்காம ஓரத்துக்கெல்லாம் நெழல் போட்டா இப்பிடித்தான் வருமாம், புதுசாப் பழகுற எல்லாரும் இதச் செய்யிறதாம். அந்த நேரம் கடிதம் எழுதின ஐயா சொல்ற பட்டன் ஒண்டு உண்மையா இருந்திருந்தா நான் இத்தினை ராத்திரி நித்திரை முழிக்கத் தேவை இருந்திராது.

மறுகா ஒருநாள் பின்னேரம் மாமா பட்டிய வாவிக்கரையால ஏத்திக்கொண்டு வரக்குள்ள நிண்டு வடிவாப் பாத்தன். தண்ணிக்குள்ளால எழும்பி வாற எருமைட முதுகு கறுப்பே இல்ல, வானத்துட நீலம் அப்பிடியே ஈரத்தில மினுங்குது. வெயில் படுற விலாப்பக்கம் செம்மண் மாதிரி ஒரு நிறம். வயித்துக்குக் கீழ இருட்டுத்தான், ஆனா அங்கயும் தண்ணியில பட்ட வெளிச்சம் திரும்ப வந்து ஆடிக்கொண்டு இருக்கு. உண்மையான கறுப்பு எங்க இருக்கெண்டு பாத்தா மூக்குத் துவாரத்திலயும், காதுக்குள்ளயும், தொடை வயித்தோட ஒட்டுற மடிப்பிலயும் மட்டும்தான். கன நேரம் அதிலயே நிண்டுட்டன், மாமா என்ன புள்ள மாட்டுக்கு என்னவும் வருத்தமா எண்டு கேட்டார்.

அதுக்குப் பிறகுதான் நெழல் போடப் பழகினன். லேயர் எண்டா ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சு வரையிற கண்ணாடித்தாள் மாதிரி. முதல் லேயர்ல மிருகத்துட சொந்த நிறம், அதுக்கு மேல இன்னொரு லேயர் வெச்சு கீழ உள்ளதோட கிளிப் பண்ணினா நிறம் வெளியால போகாது, அத மல்டிப்ளை எண்ட, கீழ உள்ள நிறத்த இருட்டாக்கிக் காட்டுற முறையில போட்டு நெழல இழுக்கணும். கறுப்பால இழுத்தா ஊத்த பிடிச்ச மாதிரித்தான் வரும், கொஞ்சம் நீலமோ ஊதாவோ சேத்தாத்தான் வெளிநெழல் மாதிரி இருக்கும். உடம்பு உருண்டு போற இடத்தில நெழல் மெதுவாக் கரையணும், ஆனா கொம்பு கழுத்தில விழுத்துற நெழலுக்கு ஓரம் வெட்டினாப்போல நிக்கணும், இந்த ரெண்டையும் மாறிப் போட்டா எருமை ரப்பர்ல செஞ்ச மாதிரி ஆகிடும். மயிர் ஒவ்வொண்டையும் வரையத் தேவையில்ல, வெளிச்சமும் நெழலும் சந்திக்கிற இடத்திலயும் ஓரத்திலயும் கொஞ்சம் காட்டினாப் போதும், மிச்சத்தக் கண்ணே நிரப்பிக்கும். இடைக்கிட படத்த நிறமில்லாம கறுப்பு வெள்ளையில மாத்திப் பாப்பன், அப்பயும் உருவம் தெரிஞ்சா நெழல் சரி. இதில எது ஐயா பட்டன்? அந்த ஆப்புக்கு சூரியன் எங்க நிக்கிதெண்டு தெரியாது, அதச் சொல்ல வேண்டியது வரையிற ஆள்தான்.

வட்டைக்குள்ள உழவு நடக்கக்குள்ள மெசினுக்குப் பின்னால வாற கொக்குகளையும் வரைஞ்சு பாத்தன், வெள்ளைக்கு நெழல் போடுறது கறுப்ப விடக் கஸ்டம். நாத்துப் பச்சை அதுட நெஞ்சில அடிக்கிறது தெரிய எனக்கு நாலு மாசம் போச்சு.

இன்னொண்டையும் சொல்லணும், கோவிக்கப்படாது. சிறுவர் பக்கங்கள்ல வாற யானைப் படங்களப் பாருங்க, விசிறி மாதிரிப் பெரிய காது, ரெண்டு நீளத் தந்தம், நடுவில பள்ளமான முதுகு. அது ஆபிரிக்க யானை. நம்மட யானைக்குக் காது சின்னன், முதுகு மேல வளைஞ்சு நிக்கும், நெத்தியில ரெண்டு மேடு, தும்பிக்கை நுனியில விரல் மாதிரி ஒண்டுதான், ஆபிரிக்க யானைக்குத்தான் ரெண்டு. இலங்கையில ஆண் யானையிலயே பத்தில ஒண்டுக்குக் கூடத் தந்தம் இல்ல. காது ஓரத்திலயும் தும்பிக்கையிலயும் நிறம் போய் ரோஸ் பூத்திருக்கும், நெழல் போடப் பழகுற ஆளுக்கு அது எவ்வளவு வடிவான இடம் தெரியுமா, சாம்பலுக்குள்ளால சதை நிறம் எட்டிப் பாக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரைப் பிள்ளைகள் யானைய நேரடியாக் கண்டவங்க. வெள்ளாமை வெட்டுக் காலத்தில ராவைக்கு அப்பா பரணில காவல் இருக்க, வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு நித்திரை கொண்ட பிள்ளைகள், யானையால ஆக்களையும் வீட்டையும் பறிகொடுத்த குடும்பங்களும் இங்க இருக்கு. அந்தப் பிள்ளை ஒரு யானை வரைஞ்சா அதில சேறு காஞ்சு வெடிச்ச முதுகு இருக்கும், பயமும் இருக்கும். எங்கயோ உள்ள படத்தப் பாத்து கொப்பி அடிக்கிற யானையில அது வராது. அதே மாதிரி இங்கினியாகலப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்தில தீவுக்குத் தீவு நீந்திப் போற யானையையும், குமண வில்லுக் குளத்தில நிக்கிற மஞ்சமூக்கு நாரையையும் அம்பாறைப் பிள்ளைகள் வரையட்டும்.

இதில போன் எதுக்கெண்டு கேப்பீங்க. நல்ல வாட்டர் கலர் பெட்டியும் தடிச்ச பேப்பரும் வாங்குற காசுக்கு எங்கட ஊர்ல ஒரு வீட்டுக்குச் சாமான் வாங்கலாம், ஆனா கொவிட் காலத்தில ஒன்லைன் வகுப்புக்கெண்டு கடன்பட்டு வாங்கின போன் ஒண்டு கன வீட்டில கிடக்கு. பிழை விட்டா அழிக்கலாம், பேப்பர் வீணாப் போகாது. கல்லடியில சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, அங்க படிக்கிற பிள்ளைகள் முறையாப் பழகுவாங்க, அது பெரிய விசயம். எல்லாருக்கும் அங்க போகக் கிடைக்காது, அதான் சொல்றன்.

அந்தக் கடிதம் எழுதின ஐயாட சந்தேகத்துக்கும் வழி இருக்கு. நான் பாவிக்கிற ஆப் முதல் கோட்டுல இருந்து கடைசி வரைக்கும் வரையிறத வீடியோவாப் பதிஞ்சு வெச்சிருக்கும், ரெண்டு நிமிசத்தில ஓட்டிப் பாக்கலாம். பிழை விட்டு அழிச்சது, லேயர் மாத்தினது எல்லாம் அதில தெரியும். போன்ல வரைஞ்ச படம் அனுப்புறவங்க அந்த வீடியோவையும் சேத்து அனுப்பணும் எண்டு ஒரு விதி போடுங்க, ஏஐ படம் தானாக் கழிஞ்சிடும். இப்பிடி ஒரு போட்டிக்கு முந்தி நான் படம் அனுப்பி, கையால வரைஞ்சது இல்லையெண்டு திருப்பி அனுப்பினாங்க. வீடியோ இருக்கு பாருங்க எண்டு சொன்னன், பாக்கவே இல்ல. எனக்கு வயசு போயிட்டு, நான் தாங்குவன், பத்து வயசுப் பிள்ளை தாங்குமா?

மாசத்தில ஒரு கிழமையாவது சிறுவர் பக்கத்தில நம்மட மண்ணுட மிருகங்களுக்கெண்டு இடம் விடுங்க ஐயா, பென்சிலோ போனோ எதால வரைஞ்சாலும் பரவாயில்ல, பாத்து வரைஞ்சா சரி. மாமாட எருமைப் படத்தையும் அது வரைஞ்ச வீடியோவையும் இந்தக் கடிதத்தோட அனுப்புறன், முதல்ல போட்ட தலகணி எருமையும் அதில இருக்கு, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகி,
மட்டக்களப்பு