ஐந்தாம் உறையில் இரண்டாம் சிடி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜாங்கோ ரைன்ஹார்ட் சிடி தொகுப்பில் உள்ள குறைகள்

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஐந்து சிடி தொகுப்பை வாங்கினேன். ஐந்தாம் உறைக்குள் இருந்தது இரண்டாம் சிடியின் இன்னொரு பிரதி. நான் காசு கொடுத்ததே அந்த ஐந்தாவதுக்காகத்தான். 1939இல் போர் மூண்டபோது, அவரோடு சேர்ந்து வாசித்துவந்த வயலின் கலைஞர் ஸ்டெபான் கிரப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். போருக்குப் பின் 1949இல் இருவரும் ரோமில் சேர்ந்து வாசித்த பதிவுகள் அதில் இருக்க வேண்டும்.

சரி, சிடி மாறியது கைத்தவறு என்றே வைத்துக்கொள்வோம். கூட வந்த கையேட்டை என்ன சொல்வது? அட்டைப்படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருக்கிறீர்கள். கோட்டின் மேல்பாக்கெட் வலப்பக்கம் போய்விட்டது; கிட்டார் கழுத்தை வலது கை பிடித்திருக்கிறது. உள்ளே எழுதியவரும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ, தீயில் வெந்தது வலது கை என்கிறார். வெந்தது இடது கை, தந்திகளை அழுத்தும் கை. 1928இல், மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் தீப்பற்றி அவர்கள் குடியிருந்த வண்டியே எரிந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கிப்போயின. அப்புறம் அவர் வேகமாக ஓடும் ஸ்வரங்களை எல்லாம் வாசித்தது மீதி இரண்டு விரல்களால்தான். எந்தக் கை என்பதையே மாற்றிவிட்டால் அவர் கதையில் மிச்சம் என்ன இருக்கிறது?

1940இல் பதிவான ‘நுவாஜ்’ பாட்டுக்கு வயலின் கிரப்பெல்லி என்றும் போட்டிருக்கிறீர்கள். போட்டுக் கேட்டுப் பாருங்கள், கேட்பது கிளாரினெட். கிரப்பெல்லி அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

உங்கள் சேவை மையத்தில் பேசியவர், ஏழு நாள் தாண்டிவிட்டதால் மாற்றித்தர முடியாது என்றார். ஐந்து சிடியையும் நிதானமாகக் கேட்டு முடிக்கவே எனக்குப் பத்து நாள் ஆனது. உறை பிரித்த அன்றே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பவர் யார்?

சரியான ஐந்தாம் சிடியையும் திருத்திய கையேட்டையும் இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ரசீது நகலையும், இரண்டு சிடிகளின் படத்தையும் இணைத்துள்ளேன். அனுப்புமுன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாம் சிடி என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்