விலை ஏறிய நகையும் வீட்டுச் செலவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கமும் சென்னை மனைகளும் விலை ஏறியிருப்பதால் குடும்பங்களின் செல்வம் பெருகிவிட்டது, எனவே கடைவீதியில் செலவும் பெருகும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொத்து மதிப்பு உயர்ந்தால், வருமானம் அப்படியே இருந்தாலும் மக்கள் கூடுதலாகச் செலவிடுவார்கள் என்பது பொருளியல் அறிஞர் பிராங்கோ மோடிகிலியானியின் வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாட்டிலிருந்து, அதாவது மக்கள் வாழ்நாள் முழுவதற்குமான வளத்தைக் கணக்கிட்டே செலவிடுகிறார்கள் என்ற கோட்பாட்டிலிருந்து, பெறப்படும் கருத்துதான். ஆயினும், அந்தச் செல்வம் எந்த வடிவில் முடங்கிக் கிடக்கிறது என்று பாராமல் அதை நம் ஊருக்குப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தருண் ராமதுரை தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 2017-இல் அளித்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் வீடும் நிலமும். 11 சதவீதம் தங்கம். நிதிச் சொத்துகள் வெறும் 5 சதவீதம். வில்லிவாக்கத்தில் என் தந்தை வாங்கிய அரை கிரவுண்டின் மதிப்பு இன்று பல மடங்காகியும் எங்கள் மளிகைப் பட்டியலில் ஒரு பொருள்கூடக் கூடவில்லை, ஏனெனில் இதை விற்றால் விலை ஏறிய இதே ஊரில்தான் வேறு வீடு தேட வேண்டும். மாடியில் குடியிருப்பவர்களோ, சொந்த வீட்டுக்கான முன்பணம் எட்டாமல் விலகிக்கொண்டே போவதால், முன்பைவிட இறுக்கிப் பிடித்துச் செலவு செய்கிறார்கள்.

தங்கத்தின் கதை வேறு. வங்கியில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி நகைக்கடன் பிரிவில் கழிந்தது. விலை ஏறும்போதெல்லாம், ஏற்கெனவே அடகில் இருந்த அதே சங்கிலியை மறு அடகு வைத்து, கூடுதலாகக் கிடைக்கும் தொகையை வாங்கிச் செல்வோர் வரிசையில் நிற்பார்கள். ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணம், மற்ற மாதங்களில் மருத்துவச் செலவு, எப்போதாவது ஒரு வாஷிங் மெஷின். விலை உயர்வு செலவாக மாறியது உண்மையே. ஆனால் முதலில் கடனாக மாறி, அதன் பிறகே செலவாயிற்று. அதற்கான வட்டி, அடுத்தடுத்த மாதங்களில் துணிக்கடைக்கும் உணவகத்துக்கும் போயிருக்க வேண்டிய சம்பளப் பணத்திலிருந்துதான் கழிந்தது. நகையை மீட்க முடியாமல் ஏலத்துக்கு விட்டவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், 2.5 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தர அனுமதிக்கின்றன. அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாமலிருக்க இது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலை சரிந்தால் தாங்குவதற்காகக் கடனுக்கும் நகை மதிப்புக்கும் நடுவே விடப்படும் இடைவெளியும் இதனால் குறைகிறது.

ரிசர்வ் வங்கி மாதந்தோறும் வெளியிடும் துறைவாரிக் கடன் விவரத்தில் நகைக்கடன் நிலுவை தனியாகவே தரப்படுகிறது. பண்டிகைக் கால விற்பனை குறித்து இனி எழுதும்போது அந்தத் தொகையையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
வில்லிவாக்கம், சென்னை.