உடன்படிக்கை பற்றி ஜெபராஜுக்கு

அன்புள்ள ஜெபராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. சொட்டு மருந்து மட்டும் ஓடுகிறது, படிக்கத் தடையில்லை. சரி, தேவன் யூதரோடு செய்த உடன்படிக்கை இன்னும் நிற்கிறதா என்ற உன் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் வேதபாடக் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். யூதர்கள் கிறிஸ்துவை ஏற்கவில்லை, அதனால் தேவன் அவர்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் எல்லாம் கிறிஸ்தவ சபைக்கு வந்துவிட்டது என்கிறது ஒன்று. இஸ்ரேல் அரசு என்ன செய்தாலும் அது தீர்க்கதரிசன நிறைவேறுதல்தான் என்கிறது மற்றொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

முதல் கட்சிக்கு வயது அதிகம். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், திரிபோ என்ற யூதரோடு வாதாடுவதாக எழுதி, மெய்யான இஸ்ரவேல் நாங்களே என்றார். வசனமும் இல்லாமல் இல்லை. கிறிஸ்துவினுடையவர்களே ஆபிரகாமின் சந்ததி என்கிற கலாத்தியர் 3:29, முந்தின உடன்படிக்கை பழமையாயிற்று என்கிற எபிரெயர் 8:13 இரண்டையும் உன் ஆட்கள் காட்டியிருப்பார்கள். பிற்பாடு வந்த சபைப் பிதா அகஸ்டின் கொஞ்சம் இரக்கம் காட்டினார்: யூதரைக் கொல்லாதீர்கள், நம் வேதத்துக்கு அவர்களே சாட்சி என்றார். ஆனால் சிதறுண்டு, தாழ்ந்து கிடக்கிற சாட்சியாக.

தரங்கம்பாடி மிஷனரிகள் வழி வந்த லூத்தரன் வீட்டுப் பிள்ளைகள் நாம். நமக்கு இதில் கூடுதல் கூச்சம் இருக்க வேண்டும். 1523-இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று அன்பாக எழுதிய, நம் சபைக்குப் பெயர் தந்த அதே லூத்தர், 1543-இல் ஜெப ஆலயங்களுக்குத் தீ வையுங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பறியுங்கள், ரபீமார் போதிப்பதைத் தடுங்கள் என்று எழுதினார். 1946-இல் நியூரம்பர்க் விசாரணையில் நாஜிப் பத்திரிகைக்காரன் ஷ்ட்ரைஷர் தனக்குத் துணையாக லூத்தரைத்தான் இழுத்தான். அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் சபை 1994-இல் அந்த எழுத்தை வெளிப்படையாகத் தள்ளிவைத்தது. நம் ஞாயிறு பள்ளியில் இதை யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது தேவன் ஆபிராமோடு (பின்னாளில் ஆபிரகாம்) உடன்படிக்கை செய்யும் ஆதியாகமம் 15-ஐ எடுத்து வைத்துக்கொள். மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் ஆபிராம் நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறான். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. உடல்கள்மேல் இறங்குகிற பட்சிகளைத் துரத்திக்கொண்டு காத்திருக்கிறான். பொழுது சாய்கிறது, அயர்ந்து தூங்கிவிடுகிறான். இருட்டில் புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. கடந்துபோனது தேவன் மட்டுமே; ஆபிராம் நடக்கவில்லை! ஒரே ஒருவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. எதிர்க்கட்சி மீறிவிட்டது, ஆகவே செல்லாது என்று அதை யார் ரத்து செய்ய முடியும்?

பவுல் ரோமர் 11-இல் போராடுவதும் இதற்குத்தான். தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ என்று கேட்டு, கூடாதே என்கிறார். நாம் நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளைகள்; வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்று அவர் எச்சரித்தது புறஜாதிக் கிறிஸ்தவர்களை, அதாவது உன்னையும் என்னையும். எரேமியா 31-இலும் புது உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்தான். நாம் உள்ளே சேர்க்கப்பட்டவர்கள்.

இதை சபை வாய் திறந்து சொல்ல எத்தனை காலம் ஆயிற்று பார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், மனைவியையும் மகளையும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் பறிகொடுத்த யூதர். 1960 ஜூனில் போப் இருபத்துமூன்றாம் யோவானை நேரில் பார்த்து முறையிட்டார். 1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லோர்மேலும் இன்றைய யூதர்மேலும் பழி போட முடியாது என்று அறிவித்தது. பதினைந்து வருஷம் கழித்து, போப் இரண்டாம் ஜான் பால் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், தேவன் ரத்து செய்யாத பழைய உடன்படிக்கை என்றே பேசினார்.

அப்புறம் உன் இரண்டாவது கட்சி. வரலாற்றை யுகங்களாகப் பிரித்து அவர்கள் படமாய்ப் போட்டுக் காட்டும் கணக்கு அப்போஸ்தலர் காலத்தது அல்ல. அதற்கு உருக்கொடுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போதகர் டார்பி, ஊரெல்லாம் பரப்பியது 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டின் வேதாகம விளக்கக் குறிப்புகள். வாக்குத்தத்தம் மாறாதது என்பதற்காக ஓர் அரசின் படை நடவடிக்கைக்கு ஆமென் போட வேண்டியதில்லை. லேவியராகமம் 25:23-இல் தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகள் என்று கர்த்தரே சொல்கிறார். ஆமோஸ் 3:2 இன்னும் கடுமை: உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகவே உங்களைத் தண்டிப்பேன். பெத்லகேமில் நம்மைப் போலவே ஆராதனைக்குப் போகிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் அவர்கள் 'கைரோஸ்' என்ற அறிக்கையில், வேதத்தைக் காட்டித் தங்கள் மண்ணைப் பறிப்பதை நியாயப்படுத்தாதீர்கள் என்று கெஞ்சினார்கள். அதையும் உங்கள் கூட்டத்தில் ஒரு நாள் வாசிக்கச் சொல்.

எனக்கே தீராத இடம் ஒன்று உண்டு. 2015-இல் வத்திக்கான் ஆணைக்குழு, யூதரைக் குறிவைத்த அமைப்பு ரீதியான மிஷனரி வேலையைக் கத்தோலிக்க சபை செய்வதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்றது. ஆனால் பவுல் ஊர் ஊராகப் போய் முதலில் நுழைந்தது ஜெப ஆலயத்தில்தானே? நீ ஊழியத்தில் பழுத்தவன், என்ன நினைக்கிறாய்? கல்யாண வேலைக்கு நடுவே இரண்டு வரியாவது எழுது. தேதி முடிவானதும் சொல், இப்போதே ரயில் டிக்கெட் எடுத்தால்தான் படுக்கை கிடைக்கும்.

அன்புடன்,
பொன்னையா