அந்தத் தோடுகளையும் பாடத்தில் சேருங்கள்

உலக வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பண்டைய கிரேக்கம் என்றதும் நாம் ஏதென்ஸின் மக்களாட்சியை விரிவாக எழுதுகிறோம். சிறுகுழு ஆட்சிக்கு ஒரு வரி ஒதுக்குகிறோம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த ஆட்சி ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மன்னர்கள் மறைந்த நகரங்களில் நிலம் வைத்திருந்த குலங்களே அதிகாரத்தைப் பிடித்தன. கொரிந்தில் பாக்கியாட் குலத்தார் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, பதவி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஏதென்ஸில் கடனைக் கட்ட முடியாத உழவன் அடிமையாக விற்கப்பட்டான். உடலை ஈடு வைத்துக் கடன் வாங்கும் அந்த வழக்கத்தை, அங்கே சட்டம் இயற்றிய சோலோன் கி.மு. 594 வாக்கில் ஒழித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கி.மு. 404 பற்றி. பெலப்பொனீசியப் போரில் ஏதென்ஸ் தோற்றது. ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டரின் துணையோடு முப்பது பேர் ஆட்சிக்கு வந்தார்கள். 3,000 பேரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டார்கள். அதில் பெயர் இல்லாதவரை விசாரணையின்றியே கொல்லலாம். மாதக்கணக்கில் மட்டுமே நீடித்த அந்த ஆட்சியில் சுமார் 1,500 பேர் மாண்டார்கள்.

கேடயப் பட்டறை நடத்திய லிசியாஸ், பொலிமார்க்கஸ் சகோதரர்கள் குடியுரிமை இல்லாத வெளியூர்க் குடும்பத்தினர், செல்வர்கள். அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது இவர்களைப் போன்ற பத்துப் பேரைப் பிடிக்க முடிவானது. பணத்துக்காக என்று தெரியாதிருக்க, அதில் இரண்டு ஏழைகளையும் சேர்த்தார்கள். லிசியாஸ் தப்பி மெகாராவுக்குப் படகேறினார். அண்ணன் பொலிமார்க்கஸுக்கு நஞ்சு கொடுத்தார்கள். குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் ஒன்றிலிருந்தும் பிணத்தை எடுக்க விடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கிடத்தினார்கள். போர்த்தத் துணி ஒருவர் கொடுத்தார், தலைக்குத் தலையணை இன்னொருவர். பொலிமார்க்கஸின் மனைவி போட்டிருந்த தங்கத் தோடுகளை மெலோபியஸ் என்பவன் காதிலிருந்தே கழற்றிக்கொண்டான். முப்பது பேரில் அவனும் ஒருவன்.

இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. மக்களாட்சி மீண்ட பிறகு, அண்ணனைக் கைது செய்த, முப்பது பேரில் இன்னொருவனான எரட்டோஸ்தினிஸுக்கு எதிராக லிசியாஸ் ஆற்றிய உரையில் இருக்கிறது. அந்த உரை இன்றும் நம் கையில் உள்ளது. அதிலிருந்து அரைப் பக்கம் கொடுங்கள்.

கொடுக்கும்போது அந்த வீட்டுச் சொத்தோடு சேர்த்துப் பறிக்கப்பட்ட 120 அடிமைகளையும் விட்டுவிடாதீர்கள். 700 கேடயங்களோடு அவர்களும் ஒரு கணக்காகவே உரையில் வருகிறார்கள். கி.மு. 403-இல் மக்களாட்சித் தரப்பின் தலைவர் திராசிபூலஸின் படை வென்று மக்களாட்சி திரும்பியபோதும் அடிமைமுறை அப்படியேதான் இருந்தது. என் வகுப்பில் அடுத்து எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் பாடத்தில் இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்